இரட்டையாய்ப் பிறந்தவை: நெப்டியூனுக்கு அப்பாலுள்ள இணைகளும் ஆக்லாந்து வானமும்

நெப்டியூனின் சுற்றுப்பாதைக்கு வெளியே, சூரியனிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 50 வானியல் அலகு வரையிலான தொலைவில், பனியும் பாறையும் கலந்த சிறு பொருள்கள் பெருந்திரளாகச் சூரியனைச் சுற்றி வருகின்றன. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவான சுமார் 15 கோடி கிலோமீட்டரையே வானியலார் ஒரு வானியல் அலகு என்பர். இத்திரள் நிறைந்த பகுதிக்குக் கைப்பர் பட்டை என்று பெயர். இப்பொருள்களில் பல தனித்துச் செல்வதில்லை. தம்முள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இரண்டாகச் சூரியனை வலம்வருகின்றன. ஒரு கோளும் அதன் நிலவும் இவ்வாறே இயங்குகின்றன என்றாலும், நிலவு தன் கோளைவிட மிகச் சிறியதாயிருக்கும்போது இருவரின் பொதுநிறை மையம், அதாவது இரண்டும் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சமன்பட்டு இயங்குகின்றனவோ அந்தப் புள்ளி, கோளின் உடலுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. இரு உடல்களும் அளவில் நெருங்கியிருந்தால் அப்புள்ளி இரண்டுக்கும் இடையிலுள்ள வெட்டவெளியில் விழும். அத்தகைய இணைகளையே இக்கட்டுரை முதன்மையாக இரட்டைப் பொருள்கள் என்று குறிக்கிறது. எனினும் துணைக்கோளுக்கும் இணைக்கும் இடையே இயற்கை கூர்மையான எல்லைக்கோடு எதையும் போட்டு வைத்திருக்கவில்லை என்பதை வாசகர் மனத்திற்கொள்வது நல்லது.

இவ்விணைகளைப் பற்றிய அறிவு பெரிய தொலைநோக்கிகளாலும் விண்கலங்களாலும் மட்டும் வளர்ந்ததன்று. பூமியின் எந்த இடத்தில் எந்த நொடியில் ஒருவர் நின்று பார்க்கிறார் என்பதும் அதில் பெரும்பங்கு வகித்திருக்கிறது. அவ்வகையில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் குறிப்பிடத்தக்கது. தமிழர் உட்படத் தெற்காசியக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் மவுண்ட் ரோஸ்கில் புறநகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், மவுங்காகியேகியே எனப்படும் ஒன் ட்ரீ ஹில் பூங்காவில், 1967இல் திறக்கப்பட்ட ஆக்லாந்து வானாய்வகம் இருக்கிறது. இன்று ஸ்டார்டோம் என்று அறியப்படும் அவ்விடத்தில் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸைஸ் தொலைநோக்கி ஒன்று உள்ளது. ஏறத்தாழ 37 பாகைத் தென் அகலாங்கில் அமைந்த இந்நகரில் ஜூன், ஜூலை மாதக் குளிர்கால இரவுகளில் தனுசு விண்மீன் கூட்டம் தலைக்கு மேல் ஏறி நிற்கும். புளூட்டோ இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தனுசுப் பகுதியில்தான் கழித்தது. வடகோளத்துப் பெரிய ஆய்வகங்கள் பலவற்றுக்கு வானில் தாழ்ந்து கிடந்த ஒரு பொருள் தென்கோளத்தாருக்கு உச்சிக்கு அருகே கிடைத்தது.

இணைகளின் வரலாறு புளூட்டோவிலிருந்து தொடங்குகிறது. 1978 ஜூன் 22 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிறிஸ்டி, புளூட்டோவின் ஒளிப்படத் தகடுகளில் அதன் உருவம் ஒரு பக்கம் புடைத்திருப்பதையும், அப்புடைப்பு ஆறேகால் நாளுக்குச் சற்றே கூடுதலான கால இடைவெளியில் ஒழுங்காக இடம் மாறுவதையும் கண்டார். அப்புடைப்பே பின்னர் கேரன் என்று பெயர் பெற்ற துணை. புளூட்டோவின் விட்டம் 2,377 கிலோமீட்டர், கேரனின் விட்டம் 1,212 கிலோமீட்டர், இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 19,600 கிலோமீட்டர். பொதுநிறை மையம் புளூட்டோவின் பரப்புக்கு வெளியே விழுகிறது. இந்த ஒரு காரணத்தாலேயே 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் முன் வைக்கப்பட்ட முதல் வரைவு கேரனையும் ஒரு கோளாகக் கொள்ள இடமளித்தது. அவ்வரைவு கைவிடப்பட்டு, புளூட்டோவே கோள் நிலையை இழந்தது. பட்டியலில் எங்கே வைப்பது என்ற அந்த விவாதம் உலகெங்கும் எழுப்பிய ஆரவாரத்தில், இவ்விணை எப்படி உருவானது என்ற அடிப்படையான கேள்வி பொதுமக்களின் கவனத்துக்கு வராமலேயே போனது.

கேரன் கண்டறியப்பட்ட காலத்தில் அதன் அளவை நேரடியாக அளக்க வழியில்லை. காரணம் எளிய கணக்கில் அடங்கும். கைப்பர் பட்டையில் 43 வானியல் அலகுத் தொலைவில் 31,000 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு, பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கான ஒரு விகலைக் கோணமே பிடிக்கும். காற்றின் அலைவால் தரையிலுள்ள தொலைநோக்கியில் விண்மீனின் உருவமே பெரும்பாலும் ஒரு விகலைக்குக் குறையாமல் பரந்துவிடும். ஐயாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் சுற்றும் இரு உடல்கள் அப்பரப்புக்குள் ஒரே புள்ளியாகக் கரைந்துபோகும். இத்தடையைத் தாண்ட வானியலார் கைக்கொண்ட வழி விண்மீன் மறைப்பு. தொலைவிலுள்ள சிறு பொருள் ஒன்று ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்து செல்லும்போது அதன் நிழல் பூமியின்மேல் ஒரு பட்டையாக ஓடும். அப்பட்டைக்குள் நிற்பவருக்கு அவ்விண்மீன் சில நொடிகள் மறைந்து மீண்டும் தோன்றும். நிழல் நொடிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுமானால், 100 கிலோமீட்டர் அகலமுள்ள பொருள் நான்கு நொடி மறைப்பைத் தரும். மறைந்த நேரத்தையும் தோன்றிய நேரத்தையும் பத்தில் ஒரு நொடித் துல்லியத்தோடு குறித்துவிட்டால், 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு பொருளின் அகலம் இரண்டு மூன்று கிலோமீட்டர் பிழைக்குள் தெரிந்துவிடும். 1980 ஏப்ரல் 7 அன்று தென்னாப்பிரிக்காவில் அலிஸ்டர் வாக்கர் இவ்வாறே கேரன் ஒரு விண்மீனை ஐம்பது நொடிகள் மறைத்ததைப் பதிவுசெய்து, அதன் ஆரம் குறைந்தது 600 கிலோமீட்டர் என்று காட்டினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நியூ ஹரைசன்ஸ் விண்கலம் நேரில் சென்று அளந்த 606 கிலோமீட்டரோடு இதை ஒப்பிட்டால் அம்முறையின் வலிமை புலனாகும்.

இம்முறையில் தமிழகத்துக்கும் மூத்த மரபு உண்டு. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து பதிவுசெய்தனர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தபோது ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரிலிருந்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் அதைப் பின்தொடர்ந்து, கோளுக்கு வெளியே விண்மீனின் ஒளி மங்கிய நிகழ்வைப் பதிவுசெய்தனர். அதை அவர்கள் முதலில் ஒரு புதிய துணைக்கோளின் விளைவாகக் கருதி வெளியிட்டனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் வானூர்தி ஆய்வகத்தின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அவை யுரேனஸின் வளையங்கள் என்பது தெளிவாயிற்று. மங்கிய ஒளியின் ஒரு சிறு பள்ளத்திலிருந்து ஒரு கோளின் வளையத்தொகுதியே வெளிப்பட்டது. காவலூரில் நடந்த இப்பணி தமிழ்ப் பாடநூல்களில் இன்னும் விரிவாக இடம்பெறத் தகுந்தது.

1988 ஜூன் 9 அன்று புளூட்டோவின் நிழல் தென் பசிபிக்கின் மேல் ஓடியபோது ஆக்லாந்தின் முறை வந்தது. கைப்பர் வானூர்தி ஆய்வகம் கடலின் மேல் பறந்து பார்த்தது. ஆஸ்திரேலியாவின் பல இடங்களோடு, நியூசிலாந்தில் ஆக்லாந்து, பிளாக் பர்ச், மவுண்ட் ஜான் ஆகிய இடங்களும் பதிவுகளைத் தந்தன. விண்மீன் சட்டென மறையாமல் படிப்படியாக மங்கியது. புளூட்டோவுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்பதற்கு அது ஐயமற்ற சான்றாயிற்று. ஒரே நிழலை வெவ்வேறு இடங்களிலிருந்து வெட்டும் கோடுகள் கிடைத்தால்தான் உருவத்தை முழுமையாக வரைய முடியும் என்பதால், ஒரு வானூர்தியின் பதிவு எவ்வளவு நுட்பமானதாயினும் தரையிலிருந்து வரும் பதிவுகள் அதற்கு இன்றியமையாதவை. இதே காரணத்தால் 2015 ஜூன் 29 அன்று, விண்கலம் புளூட்டோவை அடைய இரண்டு வாரங்கள் இருக்கையில், சோஃபியா வானூர்தி ஆய்வகம் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து பறந்தது. நியூசிலாந்தின் தரையிலும் பல தொலைநோக்கிகள் அதே நிழலைப் பிடித்தன.

இம்முறையின் இன்னொரு பண்பு நகரவாசிகளுக்கு முக்கியமானது. டொமினியன் சாலை விளக்குகளின் ஒளியில் மவுண்ட் ரோஸ்கில்லில் பால்வழி சரியாகத் தெரியாது. கைப்பர் பட்டையின் சாதாரண இணை ஒன்று வெறுங்கண்ணால் காணக்கூடிய மிக மங்கலான விண்மீனைவிடவும் பல இலட்சம் மடங்கு மங்கலானது. ஆனால் மறைப்பைப் பதிவுசெய்பவர் அப்பொருளைப் பார்க்கவே வேண்டியதில்லை, அது மறைக்கும் விண்மீனைப் பார்த்தால் போதும். அவ்விண்மீன் போதிய ஒளியுடையதாயிருந்தால், முப்பது சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு தொலைநோக்கியும், விரைவாகப் படமெடுக்கும் ஒளிப்படக்கருவியும், ஜி.பி.எஸ். நேரமும் கொண்டு வீட்டுப் பின்முற்றத்திலிருந்தே பயனுள்ள அளவீட்டைச் செய்ய இயலும். நியூசிலாந்து ராயல் வானியல் கழகத்தின் மறைப்புப் பிரிவு, கிரஹாம் புளோவின் நீண்டகாலத் தலைமையில், ஆர்வலர்களை இப்பணியில் ஒருங்கிணைத்தது. கையா விண்கலத்தின் விண்மீன் அட்டவணைகள் வந்தபின் நிழற்பட்டை எங்கே விழும் என்று முன்கணிப்பது பன்மடங்கு துல்லியமாகியிருப்பதால், ஆர்வலரின் உழைப்பு வீணாகும் இரவுகளும் குறைந்துவருகின்றன.

புளூட்டோவுக்கு அடுத்த இணை கிடைக்க இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1992இல் டேவிட் ஜூயிட்டும் ஜேன் லூவும் புளூட்டோவையும் கேரனையும் தவிர்த்த முதல் கைப்பர் பட்டைப் பொருளைக் கண்டறிந்தனர். 2001இல் கிறிஸ்டியன் வெய்யே தலைமையிலான குழு, 1998 டபிள்யூ.டபிள்யூ. 31 என்ற பொருள் உண்மையில் இரண்டு என்று ஹவாயிலிருந்து கண்டது. அவற்றின் சுற்றுப்பாதை மிக நீண்ட நீள்வட்டம்: இடைவெளி 4,000 கிலோமீட்டருக்கும் 40,000 கிலோமீட்டருக்கும் இடையே மாறிக்கொண்டிருக்க, ஒரு சுற்று முடிய ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகிறது. அதன்பின் ஹப்புள் தொலைநோக்கியின் கூர்மையால் இணைகள் தொடர்ந்து வெளிப்பட்டன. இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. சீலாவும் நூனமும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள இருவர், சுமார் 2,800 கிலோமீட்டர் இடைவெளியில் பன்னிரண்டரை நாளுக்கொரு முறை சுற்றிக்கொள்பவர்கள். லெம்போ என்பது மூன்று உடல்களின் கூட்டம். 2001 கியூ.டபிள்யூ. 322 என்ற இணையில் இருவருக்கும் இடையே ஒரு இலட்சம் கிலோமீட்டர் தொலைவு. ஒன்றையொன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில், ஒருவர் தெருவில் நடக்கும் வேகத்தில், சுற்றுகின்றன. இவ்வளவு தளர்ந்த பிணைப்பு 450 கோடி ஆண்டுகள் எப்படி அறுபடாமல் இருந்தது என்பதே இத்துறையின் மிக அழகிய கேள்வி.

இணைகள் வானியலாருக்குத் தரும் முதல் பயன் நிறை. தனித்துச் செல்லும் பொருளின் நிறையைத் தொலைவிலிருந்து அறிய வழி ஏறக்குறைய இல்லை; ஆனால் இரண்டு உடல்களின் இடைவெளியும் சுற்றுக்காலமும் தெரிந்துவிட்டால் கெப்ளரின் மூன்றாம் விதி அவற்றின் மொத்த நிறையைத் தந்துவிடும். ஏரிஸ் என்ற குறுங்கோள் புளூட்டோவைவிட ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுதல் நிறையுடையது என்பது அதன் துணையான டிஸ்னோமியாவின் சுற்றிலிருந்தே தெரியவந்தது. நிறையை அளவோடு சேர்த்தால் அடர்த்தி கிடைக்கும். அங்கேதான் வியப்பு தொடங்குகிறது. புளூட்டோவின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.85 மடங்கு, ஏரிஸின் அடர்த்தி ஏறத்தாழ இரண்டரை மடங்கு; ஆனால் சில நூறு கிலோமீட்டர் அளவுள்ள இணைகள் பலவற்றின் அடர்த்தி தண்ணீரையும்விடக் குறைவு. சிறியவற்றின் உள்ளே வெற்றிடங்கள் நிறைந்திருக்கின்றன என்பது ஒரு விளக்கம். ஆனால் பெரியவை சிறியவை ஒன்றுகூடி வளர்ந்தவை எனில், வெற்றிடம் நசுங்குவதால் மட்டும் இவ்வளவு வேறுபாடு வந்துவிடுமா, அல்லது பெரியவற்றில் பாறையின் பங்கே கூடுதலா என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை.

இணைகள் தோன்றிய விதம் குறித்த கோட்பாடுகள் 2002ஆம் ஆண்டில் வேகமெடுத்தன. புளூட்டோவும் கேரனும் ஒரு பெருமோதலின் விளைவு என்பதை ராபின் கானப் 2005இல் கணினி மாதிரிகளால் வலுவாக எடுத்துரைத்தார். 2025இல் வெளியான புதிய ஆய்வு, மோதிய இருவரும் உருகிச் சிதறாமல் சிலகாலம் ஒட்டிக்கிடந்து பின் பிரிந்திருக்கலாம் என்று அக்காட்சியைத் திருத்தியது. ஆனால் சிறிய, சம அளவுள்ள, வெகுதொலைவில் சுற்றும் இணைகளை மோதலால் விளக்க முடியாது; மோதல் தரும் துண்டுகள் நெருங்கியே சுற்றும். ஆகவே 2002இலேயே பீட்டர் கோல்ட்ரைக், யோராம் லித்விக், ரெயம் சாரி மூவரும் பிடிப்புக் கோட்பாடு ஒன்றை முன்வைத்தனர். இரு பெரிய உடல்கள் அருகே வரும்போது அவற்றின் மிகுதியான இயக்க ஆற்றலை எடுத்துக்கொள்ள மூன்றாவதொன்று வேண்டும்; அது மூன்றாவது பெரிய உடலாகவும் இருக்கலாம், சுற்றிலும் நிறைந்த எண்ணற்ற சிறு உடல்களின் கூட்டாகவும் இருக்கலாம் என்பது அவர்களின் வாதம். இரண்டாவது வழியின் அடிப்படை, திரளான சிறு பொருள்களின் ஊடே செல்லும் ஒரு நிறை அவற்றின் ஈர்ப்பால் தன் வேகத்தை மெல்ல இழக்கும் என்பதாகும். இயக்க உராய்வு எனப்படும் இக்கருத்தை 1943இல் விண்மீன் கூட்டங்களுக்காக வகுத்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களுக்காக எழுதப்பட்ட அக்கணிதம் அரை நூற்றாண்டுக்குப் பின் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிக்கட்டிகளுக்கும் பொருந்தியது.

எனினும் பிடிப்புக் கோட்பாட்டுக்கு ஓர் இடையூறு எழுந்தது. எங்கோ தனித்தனியே தோன்றி வழியில் சந்தித்தவர்கள் எனில், இருவரின் நிறமும் வேறுபடும் வாய்ப்பு மிகுதி. கைப்பர் பட்டைப் பொருள்களோ சாம்பல் முதல் அடர்சிவப்பு வரை பலவகை நிறங்கள் கொண்டவை. ஆனால் சூசன் பெனெச்சியும் அவர் குழுவினரும் 2009இல் ஹப்புள் அளவீடுகளால் காட்டியபடி, ஓர் இணையின் இரு உடல்களும் ஒரே நிறத்தவை. ஒரே பொருளால், ஒரே இடத்தில் தோன்றியவை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. இதற்கு விடையாக 2010இல் டேவிட் நெஸ்வோர்னி, ஆண்ட்ரூ யூடின், டெரெக் ரிச்சர்ட்சன் மூவரும் வேறொரு காட்சியை வரைந்தனர். இளஞ்சூரியனைச் சூழ்ந்த வாயுவில் மிதந்த கூழாங்கல் அளவுத் துகள்கள், வாயுவின் இழுவையால் தாமாகவே அடர்ந்த திரள்களாகச் சேர்கின்றன. இதை ஓட்ட நிலைகுலைவு என்பர். திரள் போதிய அளவு அடர்ந்ததும் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி வீழ்கிறது; ஆனால் அதற்குள் இருக்கும் சுழற்சி ஓர் ஒற்றை உடல் தாங்கக்கூடியதைவிட மிகுதியாக இருப்பதால், அது இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று சுற்றும் உடல்களாகிவிடுகிறது. இக்கோட்பாட்டின்படி இணைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சூரியனைச் சுற்றும் திசையிலேயே தம்முள் சுற்ற வேண்டும். 2019இல் வில் கிரண்டியின் குழு அளந்த சுற்றுப்பாதைகள் அதனோடு இசைந்தன. நிறமும் திசையும் ஒருங்கே ஒத்துவரும் கோட்பாடு இதுவே. இன்றைய நிலையில் மற்றவற்றைவிட இதனையே முதன்மையாகக் கொள்ளுதல் தகும்.

இணைகளின் பரவலும் இதற்குத் துணைநிற்கிறது. சாய்வு குறைந்த, ஏறக்குறைய வட்டமான பாதையில் அமைதியாகச் செல்லும் பிரிவைக் குளிர்ந்த செவ்வியல் பிரிவு என்பர். அதிலுள்ள பெரிய பொருள்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று இணைகள். நெப்டியூனால் தூக்கியெறியப்பட்ட பிரிவுகளில் இந்த விகிதம் வெகுவாகக் குறைகிறது. நெப்டியூனின் அருகே சென்ற தளர்ந்த இணை அதன் ஈர்ப்பில் அறுந்துபோகும் என்று அலெக்ஸ் பார்க்கரும் ஜான் காவலார்ஸும் 2010இல் காட்டினர். எனவே இன்று தளர்ந்த இணைகள் வாழும் இடம், அவை பிறந்தபின் யாராலும் பெரிதாகக் குலைக்கப்படாத இடம். அதைவிடத் துணிச்சலான முடிவு 2017இல் வெஸ்லி ஃபிரேசரின் குழுவிடமிருந்து வந்தது. குளிர்ந்த பிரிவில் மற்றவற்றைப் போலச் சிவக்காமல் நீலம் சார்ந்த சில பொருள்கள் உள்ளன. அவர்கள் கண்டவரை அவை எல்லாமே இணைகள். அவை சூரியனுக்குச் சற்று அருகே பிறந்து, நெப்டியூன் மிக மெதுவாக வெளிநோக்கி நகர்ந்தபோது பிணைப்பு அறாமலேயே தள்ளிவரப்பட்டவை என்றும், அங்கே பிறந்தவை அனைத்துமே ஆதியில் இரட்டையாகவே பிறந்திருக்கலாம் என்றும் அவர்கள் வாதிட்டனர். இது மெய்யானால், தனிப்பொருளுக்கே விளக்கம் தேவைப்படும். இன்று தனித்திருப்பவை துணையை இழந்தவை அல்லது துணையோடு ஒன்றாகிவிட்டவை.

ஒன்றாகிவிட்டதன் கண்கூடான எடுத்துக்காட்டு அரோகாத். 2014இல் ஹப்புள் கண்டுபிடித்த இப்பொருளின் வடிவத்தை அறிய 2017 ஜூலையில் இரு முயற்சிகள் நடந்தன: ஜூலை 10 அன்று சோஃபியா மீண்டும் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து பறந்தது, ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவில் வரிசையாக நிறுத்தப்பட்ட சிறு தொலைநோக்கிகளில் ஐந்து மறைப்பைப் பிடித்தன. அவ்வைந்து கோடுகளே இப்பொருள் இரு மடல்களாக இருக்கக்கூடும் என்று விண்கலம் போவதற்கு முன்பே சொல்லிவிட்டன. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹரைசன்ஸ் 3,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது தெரிந்தது, சுமார் 36 கிலோமீட்டர் நீளத்தில், குறுகிய கழுத்தில் ஒட்டிய இரு மடல்கள். கழுத்துப் பகுதியில் நசுங்கலோ பெருவிரிசலோ இல்லை. ஆகவே நொடிக்குச் சில மீட்டருக்கு மேற்படாத வேகத்தில், முன்பே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்த இருவர் மெல்ல நெருங்கித் தொட்டிருக்க வேண்டும். பிறந்தவிதத்தைப் பற்றிய இருபதாண்டு வாதத்துக்கு இவ்வளவு நெருங்கிய சாட்சி வேறெதுவும் கிடைத்ததில்லை.

கைப்பர் பட்டைக்கு வெளியிலும் ஒரு சாட்சி உண்டு. வியாழனின் பாதையில் அதனோடு இணைந்து செல்லும் ட்ரோஜன் சிறுகோள்களுள் பேட்ரோக்ளஸும் மெனீஷியஸும், ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட அளவில், சுமார் 680 கிலோமீட்டர் இடைவெளியில் நாலேகால் நாளுக்கொரு முறை சுற்றுகின்றன. ட்ரோஜன்கள் நெப்டியூனுக்கு அப்பாலிருந்த ஆதித்திரளிலிருந்து பெருங்கோள்கள் இடம்பெயர்ந்த காலத்தில் பிடிக்கப்பட்டவை என்று கருதப்படுகிறது. அத்திரளில் மோதல்கள் மிகுதி; நெடுங்காலம் அங்கே இருந்திருந்தால் இவ்விணை பிரிந்திருக்கும். எனவே கோள்களின் இடப்பெயர்ச்சி சூரியக் குடும்பம் தோன்றிய முதல் பத்துக் கோடி ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று நெஸ்வோர்னியும் சகாக்களும் 2018இல் கணித்தனர். நிலவின் பெரும்பள்ளங்களைக் கொண்டு அவ்விடப்பெயர்ச்சியை எழுபது கோடி ஆண்டுகள் பின்தள்ளியிருந்த பழைய கருத்து இதனால் பெரிதும் தளர்ந்தது. 2021 அக்டோபர் 16 அன்று ஏவப்பட்ட லூசி விண்கலம் 2033 மார்ச்சில் இவ்விருவரையும் கடந்து செல்லும். அப்போது இரண்டின் பரப்பிலுமுள்ள பள்ளங்களை எண்ணி ஒப்பிட்டால், இருவரும் ஒரே வயதினரா என்பதையும், அந்த ஆதித்திரளில் அவர்கள் எவ்வளவு காலம் மோதல்களைத் தாங்கினர் என்பதையும் நேரடியாக மதிப்பிட இயலும்.